ஏவுதல் கருத்தா எங்கே?

2020 மே மாதத்தில் ஜோதி குமாரி என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, காயமுற்றிருந்த தந்தையைச் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு, ஹரியானாவின் குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்கா மாவட்டத்திலுள்ள தன் ஊர்வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மிதித்துச் சென்றார். நிகழ்ந்தது இவ்வளவே. நிகழ்ச்சியின்மேல் ஏற்றப்பட்ட சொற்கள்தாம் இன்றுவரை இறங்கவில்லை. அன்றைய அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்ப் இதனை அன்பும் தாங்குதிறனும் இணைந்த அழகிய சாதனை என்று டுவிட்டரில் வியந்தார். இந்திய சைக்கிள் கூட்டமைப்பு தேர்வுப் பந்தயத்துக்கு அழைத்தது. 2021 ஜனவரியில் பிரதமரின் தேசியச் சிறார் விருதும் வந்தது.

விருதையும் அழைப்பையும் குறைகூறுவது எளிது. அது அன்றே நடந்தும் விட்டது. வறுமையையும் கையறுநிலையையும், ஏதோ மகிழ்ச்சிக்காக மிதித்த பயணம்போல் கொண்டாடுகிறார்கள் என்று உமர் அப்துல்லா அப்போதே கண்டித்தார். கவலைக்குரியது கல்விப்புலம். இவாங்காவின் சொற்களைக் கேலி செய்த அதே கல்விப்புலம், அவற்றையே பெயர்மாற்றி ஏற்றுக்கொண்டது. ‘சாதனை’ என்பது கருத்தரங்க உரைச் சுருக்கங்களில் ‘முகமை’ ஆயிற்று. ‘தாங்குதிறன்’ ‘மீள்திறன்’ ஆயிற்று. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு சைக்கிள் மிதித்தவர்கள் ‘நகர்வின் வழியே தம்மை நிறுவிக்கொண்ட தன்னிலைகள்’ ஆனார்கள். சொல் கனமானதே தவிர, சொல்லப்பட்டது மாறவில்லை.

இங்கே கோளாறு கோட்பாட்டில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளைத் தமிழ் இலக்கணம் இரண்டாகப் பிரிப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தானே செய்பவர் இயற்றுதல் கருத்தா. பிறரைக்கொண்டு செய்விப்பவர் ஏவுதல் கருத்தா. சேக்கிழாரால் பெரியபுராணம் இயற்றப்பட்டது என்பது முன்னதற்கும், கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்பது பின்னதற்கும் காட்டப்படும் வழக்கமான எடுத்துக்காட்டுகள். கல்லணையில் ஒரு கல்லையேனும் கரிகாலன் சுமந்திருக்கமாட்டான். ஆயினும் வினைமுதலாக நிற்பவன் அவனே. கல் சுமந்தவர்கள் வாக்கியத்தில் இல்லை. பாலமோ அணையோ நெடுஞ்சாலையோ எழும்போதெல்லாம் இம்மரபு இன்றும் பிசகாமல் பின்பற்றப்படுகிறது. திறப்புவிழாக் கல்வெட்டுகள் அனைத்தும் ஏவுதல் கருத்தாவின் பெயரையே தாங்குகின்றன.

2020இன் கோடையில் மட்டும் இலக்கணம் தலைகீழானது. கோடிக்கணக்கானோர் நடந்தார்கள், மிதித்தார்கள், லாரிகளில் தொற்றினார்கள். எல்லாச் செய்திகளிலும் இயற்றுதல் கருத்தா மட்டுமே இருந்தார். அவரை நடக்கவைத்தவர், மிதிக்கவைத்தவர் வாக்கியத்திலிருந்து கழன்றுகொண்டார்.

தமிழின் வினையமைப்பு இந்தக் கழன்றுகொள்ளலை மறைக்கவிடாது என்பதையும் கவனிக்கவேண்டும். பெயர்ந்தனர் – பெயர்த்தனர். திரும்பினர் – திருப்பினர். ஓடினர் – ஓட்டினர். ஓர் ஒற்று இரட்டிப்பதாலோ மெல்லினம் வல்லினமாவதாலோ தன்வினை பிறவினையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே வினைவடிவம் இரண்டுக்கும் பொதுவாகப் பல இடங்களில் நிற்கும். தமிழில் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நாளேடுகள் ‘ஊர் திரும்பினர்’, ‘இடம்பெயர்ந்தனர்’, ‘சிக்கித் தவித்தனர்’ என்றே தேர்ந்தன. 2020 ஏப்ரல் 29 அன்று உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணையும், தொழிலாளர், யாத்திரிகர், சுற்றுலாப் பயணியர், மாணவர் என ஆங்காங்கே சிக்கிக்கொண்டோர் அனைவரையும் ஒரே பட்டியலில் வைத்தது. வெள்ளத்தில் சிக்குவதுபோல, புயலில் சிக்குவதுபோல. சிக்கவைத்தது எது என்று கேட்க அந்த வினையில் இடமே இல்லை.

கேட்டால் விடை மங்கலானதும் அன்று. மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். பயணியர் ரயில்கள் அதற்குள் நின்றுவிட்டன. மார்ச் 29 அன்று மாநில எல்லைகளை மூடுமாறு மத்திய அரசு ஆணையிட்டது. அதே ஆணை, ஊதியத்தைப் பிடிக்கலாகாது, தொழிலாளரிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கலாகாது என்றும் சொன்னது. வாடகை பற்றிய அந்தக் கருணையின் ஆயுள் ஒரு மாதம். ஊரடங்கின் ஆயுள் அதனினும் நீண்டது. மார்ச் 31 அன்று, காலை பதினொரு மணி நிலவரப்படி சாலையில் எவரும் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தலைமை வழக்குரைஞர் தெரிவித்தார். தொழிலாளர் சிறப்பு ரயில்கள் மே 1 அன்றுதான் ஓடத் தொடங்கின. குருகிராமில் மின்ரிக்‌ஷா ஓட்டிய அந்தத் தந்தை விபத்தில் காயமுற்று, வருவாய் இழந்து, வாடகை நெருக்கடியில் இருந்தார். ஒரு பழைய சைக்கிள் வாங்கப்பட்டது. இந்த வரிசையில் ஏவியவர் யார் என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வேடு தேவையில்லை. அவரை மறைக்கத்தான் ஆய்வேடு தேவைப்படுகிறது.

சைக்கிளைக் கண்டதும் விடுதலை என்று எழுதிவிடும் பழக்கமும் இதில் பங்கு வகிக்கிறது. அப்பழக்கத்துக்கு வலுவான காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் கற்ற வரலாறு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. பீகாரிலேயே 2006 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்க அரசு பணம் தந்தது. அத்திட்டத்தால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததைக் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. பள்ளி தொலைவிலிருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. ஆக, பீகார்ப் பெண்பிள்ளையின் சைக்கிளுக்கு உண்மையான ஒரு விடுதலை வரலாறு இருக்கிறது. பள்ளிக்கு எடுத்துச்செல்லும் சில கிலோமீட்டர்களின் வரலாறு அது. 1,200 கிலோமீட்டரை அதன் நீட்சியாக வாசிப்பது, தூரத்தைக் கூட்டினால் விடுதலையும் கூடும் என்று கணக்கிடுவதாகும். முன்னது அரசு செய்ததன் விளைவு. பின்னது அரசு செய்யாததன் விளைவு. வண்டி ஒன்றாயிருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது.

குடும்பத்தோடு நாட்டைச் சைக்கிளில் கடப்பவர்கள் வேறு சிலரும் உண்டு. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை பெற்றோரும் பிள்ளைகளுமாக மிதிப்போரின் படங்கள் ஆண்டுதோறும் காணக் கிடைக்கின்றன. அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. வெயிலும் ஏற்றமும் பஞ்சரும் அவர்களுக்கும் பொதுவே. வேறுபாடு தலைக்கவசத்திலோ பின்தொடரும் காரிலோ இல்லை. நாக்பூரில் முழங்கால் வலித்தால் அவர்கள் நிறுத்திவிடலாம். விடுதியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் ரயிலேறிவிடலாம். நிறுத்தினால் நிற்கும் பயணத்துக்குத்தான் பயணம் என்று பெயர். தர்பங்கா நோக்கிய சைக்கிளை இடையில் எங்கும் நிறுத்தியிருக்க இயலாது. இரண்டையும் ‘நெடும்பயணம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் தொகுக்கும் பயண இலக்கியப் பாடத்திட்டம், மாணவர்க்குச் சொல்லித் தருவது பயணத்தைப் பற்றியா என்பது ஐயமே.

இந்தி வழக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. அயல்நாட்டு இந்தியரும் அங்கே ‘பிரவாசி’. பிரவாசி பாரதிய திவஸ் அவர்களுக்கான விழா. ஹரியானாவில் செங்கல் சுமக்கும் பீகாரியும் ‘பிரவாசி’. 2020 மே 7 அன்று முன்னவரை விமானத்தில் அழைத்துவரும் வந்தே பாரத் திட்டம் தொடங்கியது. சொந்தக் குடியரசின் எல்லைக்குள்ளேயே பின்னவர் மிதித்துக்கொண்டிருந்ததும் அதே நாள்களில்தான்.

அந்த மே மாதத் தொடக்கத்தில்தான், லக்னோவிலிருந்து சத்தீஸ்கரிலுள்ள தம் ஊருக்கு இரு குழந்தைகளுடன் ஒரே சைக்கிளில் புறப்பட்ட ஓர் இணையர், லக்னோவைக் கடக்கும் முன்பே வாகனம் மோதி இறந்தனர். குழந்தைகள் பிழைத்தனர். இதுவும் நாட்டைக் கடக்கப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் சைக்கிள் பயணமே. இதனை எவரும் சாதனை என்று அழைக்கவில்லை, அழைக்கவும் இயலாது. வினைகளை அவற்றின் கால அமைப்பைக்கொண்டு நான்காகப் பகுத்த செனோ வெண்ட்லரின் 1957ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படித்தவர்கள் இதனை உடனே காண்பர். அடைதலைச் சுட்டும் வினைக்கு முடிவெல்லை வேண்டும். அவ்வெல்லையைத் தொடாதவருக்கு அவ்வினை பொருந்தாது. ‘சாதனை’ என்னும் சொல் வந்துசேர்ந்தவர்களை மட்டுமே பொறுக்கியெடுக்கும் சல்லடை. வந்துசேர்ந்தவரின் கதையையும் அது வந்துசேர்ந்த நாளோடு நிறுத்திவிடுகிறது. ஓராண்டு கழித்து, 2021 மே இறுதியில், அந்தத் தந்தை மாரடைப்பால் இறந்தார். கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அதனை அறிந்தனர்?

ஓர் எதிர்வாதம் வலுவானது, அதனைத் தட்டிக்கழிக்கலாகாது. தயங்கிய தந்தையை வற்புறுத்திப் புறப்படவைத்தவர் ஜோதியே. அவரை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காட்டுவது, தலித் குடும்பத்துச் சிறுமி ஒருவரின் முடிவெடுக்கும் ஆற்றலை மறுப்பதாகாதா? ஆகும். ஆனால் ஏவுதல் கருத்தாவை வாக்கியத்துக்குள் கொண்டுவருவதால் இயற்றுதல் கருத்தா வெளியேற வேண்டியதில்லை. இலக்கணம் இருவருக்கும் இடம் வைத்திருக்கிறது. மிதித்தவர் அவர், துணிந்தவர் அவர், பெருமையும் அவருடையது. மிதிக்கவைத்தவரின் பெயரை எழுதுவதால் அப்பெருமையில் ஓர் அணுவும் குறையாது. இருவரில் ஒருவரைத்தான் சொல்லமுடியும் என்ற நெருக்கடியைக் கோட்பாடு எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தது. முகமையைப் போற்றும் ஆய்வாளர், அதே முகமை அரசுக்கும் உண்டு என்பதை எழுதத் தயங்குவதுதான் விந்தை. உதவித்தொகை எங்கிருந்து வருகிறது என்பதை நினைத்தால், அவ்வளவு விந்தையும் இல்லை.

2020 செப்டம்பர் 14 அன்று, ஊர் திரும்பும் வழியில் இறந்த தொழிலாளர் எத்தனை பேர், அவர்தம் குடும்பங்களுக்கு இழப்பீடு தரப்பட்டதா என்ற கேள்விகளுக்குத் தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் எழுத்துவழிப் பதிலளித்தது. திரும்பிச் சேர்ந்தவர்களின் கணக்கு அவ்வமைச்சகத்திடம் இருந்தது: 1 கோடியே 4 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் குறித்த தரவு பராமரிக்கப்படவில்லை. ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வி எழவில்லை என்றது பதில். எழு, எழுப்பு: இதுவும் அந்த இணைகளுள் ஒன்றே. உறுப்பினர்கள் எழுப்பியிருந்தார்கள்.