ஓஃப் நாளில் வந்த பார்சல்

2024 டிசெம்பர் 23, இரவு எட்டரை இருக்கும். ஹந்தானை வீதியில் நாங்கள் தங்கியிருந்த போடிங்கின் கேற்றடியில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நல்ல மழை. ரெயின்கோட்டுக்குள் ஃபோனை ஒளித்துப் பிடித்துக்கொண்டு எங்களில் ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார் அந்த அண்ணா. பார்சலுக்குள் இருந்தது ஒரு கோப்பி மக். பட்ச்சுக்குள் கிஃப்ட் மாற்றிக்கொள்வதற்காக ஓடர் பண்ணினது. அது ஜனவரியில் வந்திருந்தாலும் ஒரு குடியும் முழுகியிருக்காது.

பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க என்று கேட்டோம். "இல்ல தம்பி, இன்னும் பதினொரு பார்சல் இருக்கு. இன்னைக்கு எனக்கு ஓஃப் நாள் வேற" என்றார்.

ஓஃப் நாளில் ஏன் வேலை என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "கட்டாயம்னு யாரும் சொல்லல்ல தம்பி. லீவு எடுக்கலாம். எடுத்தா இந்த மாச இன்சென்டிவ் போயிரும். ஜனவரில நல்ல ரூட்டும் கிடைக்காது."

அதற்குப் பிறகு எங்கள் போடிங்கில் நடந்த வாக்குவாதத்தின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை. "யாரும் கட்டாயப்படுத்தல்லத்தானே, அவர்தானே விரும்பி வந்திருக்கார்" என்று எங்களில் சிலர் சொன்னோம். வேறு சிலர் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது நாங்கள் எல்லாரும் ஒரு இடத்துக்கு வந்திருக்கிறோம்: ஒரு வேலை கட்டாயமா இல்லையா என்பதை, "மாட்டேன்" என்று சொன்னால் என்ன நடக்கும் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆறாவது நாள்

கட்டாயம் என்பதை வெளிப்படையாகவே சொல்லுகிற இடங்கள் உண்டு. அமெரிக்காவின் யூபிஎஸ் பார்சல் கொம்பனியின் சாரதிகள் டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள். கிழமைக்கு ஐந்து நாள் வேலை. ஆனால் பார்சல் கூடுகிற காலத்தில் ஆறாவது நாளும் வரச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதை அங்கே 'ஆறாவது பன்ச்' என்பார்கள். வேலைக்கு வந்ததும் அட்டையைப் பன்ச் பண்ணுகிற பழக்கத்தில் வந்த பெயர். நத்தார் சீசனில்தான் இந்த நெருக்கடி உச்சத்துக்குப் போகும். அங்கே கனரக வாகனம் ஓட்டுபவர்களுக்கு அரசாங்கம் வைத்திருக்கிற எல்லையே ஏழு நாளில் 60 மணித்தியாலம், அல்லது எட்டு நாளில் 70 மணித்தியாலம். அதாவது சட்டத்தை மீறாமலேயே ஒரு மனிதனை அவ்வளவு நேரம் ஓடவைக்கலாம்.

2023இல் கூட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம் வந்தபோது சங்கம் இதைப் பேசுபொருளாக்கியது. அந்த ஒப்பந்தத்துக்குள் இருந்தவர்கள் ஏறக்குறைய 3 இலட்சத்து 40 ஆயிரம் பேர். தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யலாம் என்று ஜூன் மாதம் 97 சதவீதமானவர்கள் வாக்களித்தார்கள். ஜூலை 25ஆம் திகதி, வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முதலே, உடன்பாடு வந்தது. ஓஃப் நாளில் சாரதிகளைக் கட்டாயப்படுத்தி மேலதிக வேலைக்கு எடுக்க முடியாது என்பதைத் தங்களுடைய வெற்றிகளில் ஒன்றாகச் சங்கம் அறிவித்தது. விரும்பினவர் வரலாம். விரும்பாதவர் வீட்டில் இருக்கலாம். அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்ல வேண்டும். அதே கொம்பனி 2025இல் 48,000 வேலைகளைக் குறைத்ததாக அறிவித்தது. சங்கம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் "மாட்டேன்" என்ற ஒரு சொல்லை ஒப்பந்தத்தில் எழுதவைக்க அவர்களால் முடிந்தது. எங்கள் கேற்றடிக்கு வந்த அண்ணாவுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு ஆள் கூட இல்லை. ஒரு ஆப்தான் இருக்கிறது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேர வேலை கிழமைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். எழுபது வருஷத்துக்கு முந்திய சட்டம். இன்றைக்கும் வாசித்தால் மோசமில்லை.

பிரச்சினை, அது யாருக்கு என்பதில்தான். கொம்பனியின் காரியாலயத்தில் இருந்து பார்சலைப் பதிகிற அக்காவுக்கு அந்த எல்லை இருக்கிறது. அதே பார்சலை மழைக்குள் கொண்டுவருகிறவரை 'ஊழியர்' என்று எழுதாமல் 'பார்ட்னர்' என்று எழுதிவிட்டால், ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டால், எட்டு மணித்தியாலம் எங்கே தொடங்குகிறது? ஓஃப் நாள் என்றால் என்ன? பைக் அவருடையது, பெற்றோல் அவருடையது, ஹந்தானை ஏற்றத்தில் வழுக்கி விழுந்தால் காயமும் அவருடையதுதான். பார்ட்னர் என்கிறார்கள், ஆனால் இலாபத்தில் பங்கு மட்டும் இல்லை.

இது எங்களுக்குப் புதிசா?

எங்கள் போடிங்கில் இருந்து மேலே பார்த்தால் தேயிலை மலை. எங்களில் பலர் தோட்டத்துப் பிள்ளைகள். அதனால் அந்த அண்ணா சொன்ன 'இன்சென்டிவ்' கதை எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. வீட்டில் அதை வேறு சொற்களில் கேட்டிருக்கிறோம்: முழுப் பேர், அரைப் பேர், வரவுக் காசு.

2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நாட்சம்பளம் 730 ரூபாய் என்று மேடைகளில் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். உற்பத்திக்கு 140, வரவுக்கு 60, விலைப் பங்கு 30. வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதத்துக்கு வந்தால்தான் அந்த வரவுக் காசு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றாலும், நாரி நோவு என்று படுத்தாலும், அந்த நாட்கள் கூடினால் வராத நாளின் சம்பளத்தோடு வந்த நாட்களின் வரவுக் காசும் சேர்ந்து போகும். யாரும் கட்டாயப்படுத்தவில்லை! 2019 ஒப்பந்தத்தில் அடிப்படை 700 ஆனபோது வரவுக் காசும் உற்பத்திக் காசும் இல்லாமல் போயின. இப்போது 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,350 ரூபாயை 1,550 ஆக்கி, அதோடு அரசாங்கம் ஒரு நாளைக்கு 200 ரூபாய் வரவு ஊக்குவிப்பாகத் தரும் என்று அறிவித்து, 1,750 என்று கணக்குக் காட்டினார்கள்.

கூடுகிற ஒவ்வொரு ரூபாயும் எங்கள் அம்மாமாருக்கு வேணும். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் அது எப்போதும் அடிப்படைச் சம்பளமாக வராமல் 'வந்தால்தான்' என்ற நிபந்தனையோடு வருகிறது? அடிப்படை சின்னதாக இருக்க இருக்க, லீவு என்பது விலை கொடுத்து வாங்குகிற சாமானாகிறது. கொழுந்துக் கூடையில் இருந்த இந்தத் தந்திரம்தான் இப்போது ஃபோனுக்குள் ஏறியிருக்கிறது.

தபால் வேலைநிறுத்தமும் எங்கள் எரிச்சலும்

2025 ஓகஸ்ட் 17 மாலை தபால் ஊழியர்கள் 19 கோரிக்கைகளோடு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவும், கைவிரல் அடையாளம் வைத்து வரவு பதிகிற முறையும்தான் பிரதானமான இழுபறி. 24ஆம் திகதி முடிவுக்கு வந்தது. அந்த ஒரு கிழமை முழுக்க ஃபேஸ்புக்கில் அவர்களுக்கு விழுந்த ஏச்சு கொஞ்சமில்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் சிலரும் ஏசினோம்.

கைவிரல் வைப்பதில் எங்களுக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. நேரம் சரியாகப் பதியப்பட்டால் அது ஊழியருக்கும் பாதுகாப்புத்தான். எத்தனை மணித்தியாலம் பிழிந்தெடுக்கப்பட்டோம் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் அந்தக் கிழமையில் நாங்கள் கவனிக்கத் தவறிய ஒன்று இருக்கிறது. தபால்காரர் நிறுத்தினால் நாட்டுக்கே தெரிகிறது. அமைச்சர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடிக்குதோ இல்லையோ, ஒரு மேசையில் இருந்து பேச வேண்டியிருக்கிறது. கூரியர் அண்ணா நிறுத்தினால்? அவருடைய பார்சல்கள் அடுத்த அண்ணாவின் ஃபோனுக்குப் போகும். எங்களுக்குத் தெரியக்கூட வராது. தபால்காரரை ஏச முடிந்ததற்குக் காரணமே அவருக்கு ஒரு சங்கம் இருந்ததுதான்.

"அவங்களுக்குக் காசு வேணும்தானே?"

இதுதான் எங்களுக்கு வருகிற பிரதான மறுப்பு. நியாயமானதும் கூட. சீசனில்தான் நாலு காசு சேரும். பிள்ளைகளுக்குப் புது உடுப்பு, ஜனவரியில் கொப்பி புத்தகம், பைக் லீசிங், எல்லாம் அந்த மாதத்தை நம்பித்தான். எங்கள் பட்ச்சிலேயே லெக்சர் முடிந்து பின்னேரம் சாப்பாட்டு டிலிவரி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டு லீவுக்கு நாங்கள் பஸ் ஏறும்போது, "இப்பதான் நல்ல ஓட்டம்" என்று கண்டியிலேயே நின்றுவிடுவார்கள். அவர்களிடம் போய் "ஓய்வு உங்கள் உரிமை" என்று வகுப்பெடுத்தால் சிரிப்பார்கள்.

ஆகவே நாங்கள் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. விரும்புகிறவர் பதினைந்து நாளும் ஓடட்டும், ஒன்றரை மடங்கு வாங்கட்டும். அடுத்தவர் ஒரு நாள் வீட்டில் நின்றால் அதற்காக அவருடைய மாதம் முழுக்க ஓடின ஓட்டத்துக்கான காசு வெட்டப்படக்கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை.

இன்சென்டிவ் எப்படி ஆயுதமாகிறது என்பதற்கு இந்தியாவைப் பார்க்கலாம். 2025 டிசெம்பர் 25, 31 ஆகிய இரண்டு நாட்களும் டிலிவரி ஊழியர்களின் சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தன. பத்து நிமிஷ டிலிவரியை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. 31ஆம் திகதிக்குக் கொம்பனிகள் கொடுத்த பதில், அன்றிரவு ஓடுகிறவர்களுக்குக் கூடுதல் காசு. யார் வேண்டாம் என்பார்? ஒருவர் போனால் மற்றவரும் போகத்தான் வேண்டும்.

தனியாக எடுக்கிற லீவுக்கு விலை உண்டு. எல்லாரும் சேர்ந்து எடுக்கிற லீவுக்கு அந்த விலை இல்லை. தென் கொரியாவில் 2020இல் பார்சல் ஊழியர்கள் பலர் வேலைப் பளுவால் இறந்த பிறகு இந்த விஷயம் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த வருஷம் ஓகஸ்ட் 14ஆம் திகதி பெரிய பார்சல் கொம்பனிகள் பல ஒரே நாளில் டிலிவரியை நிறுத்தின. 'பார்சல் இல்லாத நாள்' என்றே அதற்குப் பெயர். எல்லாரும் நின்றதால் யாருடைய ரூட்டும் பறிபோகவில்லை. பார்சல் ஒரு நாள் பிந்தியது. உலகம் அழியவில்லை.

நாங்கள் கேட்பது

சீசனில் டிசெம்பர் 25, ஏப்ரல் 14 போன்ற ஓரிரு நாட்களையாவது எல்லாக் கொம்பனிகளுக்கும் பொதுவான டிலிவரி இல்லாத நாட்களாக்க வேண்டும். ஓஃப் நாளில் வராததற்காக இன்சென்டிவையோ ரூட்டையோ வெட்டுவதைத் தடை செய்ய வேண்டும். 'பார்ட்னர்' என்ற பெயரில் ஓடுகிறவர்களுக்கும் 12 மணித்தியால எல்லையும் விபத்துக் காப்புறுதியும் வர வேண்டும். சட்டம் எழுதுபவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

எங்களுக்குள் இருக்கிற ரைடர்மாருக்கும் ஒன்று. இலங்கையில் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஒரு வேலைத்தளத்தில் 40 சதவீதமானவர்கள் சேர்ந்துவிட்டால், அந்தச் சங்கத்தோடு பேச மாட்டேன் என்று முதலாளி சொல்வது 1999இல் இருந்து சட்டப்படி குற்றம். 'ஊழியரே இல்லை' என்று கொம்பனி வாதாடும்தான். வாதாடட்டும், ஆனால் அந்த வாதத்தைத் தொடங்கிவைக்கவாவது ஏழு பேர் வேணும். கென்டீனில் ஒரு மேசையைச் சுற்றி அதைவிடக் கூடுதலான ஆட்கள் இருக்கிறோம்.

மற்ற எல்லாருக்கும் சின்ன வேலைதான். அவசரமில்லாத சாமானை டிசெம்பர் கடைசிக் கிழமைக்கு ஓடர் பண்ணாதீர்கள். பிந்தினதற்காக ஒரு ஸ்டார் குத்தாதீர்கள், அந்த ஸ்டார்தான் அவருடைய அடுத்த மாத ரூட். எங்கள் பட்ச்சில் கிஃப்ட் மாற்றுவதற்கு இப்போது ஒரு புது விதி இருக்கிறது: கண்டி டவுனுக்கு இறங்கிப் போய் வாங்க வேண்டும். அந்தக் கோப்பி மக் இன்னும் போடிங்கில்தான் கிடக்கிறது. கைப்பிடி உடைந்துவிட்டது, பேனை போட்டு வைக்கிறோம்.