முதலில் என்ன செய்வாய்?

மதிப்பிற்குரிய முதல்வர் மேடம் அவர்களுக்கு,

நம் கல்லூரியில் படித்து, இப்போது வார்டில் வேலை பார்க்கும் பழைய மாணவி எழுதுகிறேன். அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கான என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிக்கும் ஜூனியர்களோடு ஞாயிறுதோறும் உட்கார்ந்து பயிற்சிக் கேள்விகள் போடுகிறோம். மற்ற கல்லூரி முதல்வர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

ஒரு கேள்வி. ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம். நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. முதலில் என்ன செய்வாய்? டாக்டருக்குச் சொல்வதா, பிபி பார்ப்பதா, போர்வை போர்த்துவதா, ரத்தத்தை நிறுத்துவதா? முக்கால்வாசிப் பேர் டாக்டரைத்தான் டிக் செய்கிறார்கள். ரத்தத்தை நிறுத்துவதே சரி. பிறகு புது ட்யூபில் நார்மல் சலைன் போட்டு லைன் அடைக்காமல் பார்த்துக்கொண்டு, உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். இது அவர்களுக்குத் தெரியாததா என்ன? ஷார்ட் நோட்ஸ் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவார்கள். டியூட்டி டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடாதே என்று வார்டில் பழக்கிவிட்டோம். அந்தக் கை பரீட்சையிலும் தயங்குகிறது.

2023 ஏப்ரலில் இருந்து என்கிளெக்ஸ், முடிவெடுக்கச் சொல்லும் கேள்விகள் பக்கம் இன்னும் சாய்ந்துவிட்டது. ஒரே நோயாளியின் நர்ஸ் நோட்ஸ், லேப் ரிப்போர்ட், ஆர்டர் எல்லாம் திரையில் வரும். அதை வைத்து ஆறு கேள்விகள்: எந்த அறிகுறி கவலைக்குரியது என்பதில் தொடங்கி, செய்தது பலித்ததா என்பது வரை. மொத்தத் தேர்வு 85 கேள்வியிலும் முடியலாம், 150 வரையும் போகலாம். மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில். (எத்தனை மார்க் என்று கேட்கும் அப்பாக்களுக்கு இதை விளக்குவது தனிப் பரீட்சை.)

கோச்சிங் சென்டர்கள் கேள்விகளை ஆயிரக்கணக்கில் விற்கின்றன. பெண்களும் இன்று எத்தனை முடித்தோம் என்றே எண்ணுகிறார்கள். எனக்கென்னவோ, ஒரே கேள்வியில் மற்ற மூன்று விடைகளும் ஏன் ஆகாது என்று அரை மணி நேரம் சண்டை போடுவதில்தான் பலன் தெரிகிறது. போர்வை போர்த்தினால் நடுக்கம் அடங்குவது போல இருக்கும். ஒவ்வாத ரத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். பிபி பார்க்கும் நேரத்திலும் அதேதான்.

போஸ்டிங் முடிந்து, கேஸ் நோட்டில் கையெழுத்துக்காகப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் நேரத்தை இதற்குக் கொடுங்கள் மேடம். அன்று பார்த்த நோயாளியை வைத்தே ஒரு கேள்வி போதும். இன்டர்னல் தேர்விலும் ‘டிஃபைன்’, ‘எக்ஸ்ப்ளெய்ன்’களுக்கு நடுவே, நான்கு நோயாளிகளில் முதலில் யாரைப் பார்ப்பாய், ஏன் என்று ஒன்று இருக்கட்டும்.

வெளிநாடு போகிற சிலருக்காகப் பாடத்தை மாற்றுவதா என்று கேட்பீர்கள். இரவு டியூட்டியில் வார்டு முழுக்க ஒரே சிஸ்டர் நிற்பது நம் ஊரில்தானே?

மாடல் தேர்வுக்குக் கேள்விகள் வேண்டுமானால், எங்கள் ஞாயிறு குழு எழுதித் தரும். மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்பதையும் சேர்த்தே தருகிறோம்.

பணிவுடன்,
தங்கள் பழைய மாணவி