சரக்கு விவரம் தெரியாமல் அணைக்கப்படும் தீ: கப்பல் வெடிவிபத்துகளில் தொடரும் தகவல் இடைவெளி

கேரளக் கடற்பகுதியில் 2025-ஆம் ஆண்டு அடுத்தடுத்து நேர்ந்த இரு கப்பல் விபத்துகள், ஆபத்தான சரக்கு குறித்த தகவல் உரிய நேரத்தில் உரியவர்களைச் சென்றடைகிறதா என்ற பழைய கேள்வியை மீண்டும் எழுப்பியுள்ளன.

கொச்சி அருகே மே 25-ஆம் தேதி மூழ்கிய 'எம்எஸ்சி எல்சா 3' கப்பலில் இருந்த 640 கன்டெய்னர்களில் 12-இல் கால்சியம் கார்பைடு இருந்தது. கொழும்பிலிருந்து நவா ஷேவா துறைமுகத்துக்குச் சென்ற, சிங்கப்பூர் கொடியுடைய 'வான் ஹாய் 503' கப்பலில் ஜூன் 9-ஆம் தேதி வெடிப்பு ஏற்பட்டுத் தீ பரவியது. அதிலிருந்த 22 பணியாளர்களில் 18 பேர் மீட்கப்பட்டனர், நால்வர் மாயமாகினர்.

கால்சியம் கார்பைடில் நீர் பட்டால் எளிதில் தீப்பற்றும் அசிட்டிலீன் வாயு வெளியாகும். அருகே தீப்பிடித்திருக்கையில், உள்ளே இருப்பது அதுதான் என்று அறியாத மாலுமி தண்ணீரைப் பாய்ச்சினால் அணைக்கும் முயற்சியே வெடிப்புக்கு வழிவகுக்கும். முத்திரையிடப்பட்ட கன்டெய்னரை நடுக்கடலில் திறந்து பார்க்க இயலாது. ஏற்றுமதியாளர் கரையில் எழுதிக் கொடுத்த விவரமே அவருக்குக் கிடைக்கும் ஒரே வழிகாட்டி.

ஆபத்தான சரக்குகளை 9 வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அடையாள ஒட்டிகளை வரையறுக்கும் சர்வதேச விதித்தொகுப்பு 2004 முதல் கட்டாயமாக உள்ளது. அவற்றின் பட்டியல் கப்பலில் இருக்க வேண்டும் என்பதும் விதியே. ஆயினும், கூடுதல் கட்டணத்தைத் தவிர்க்கச் சரக்கின் பெயரை மாற்றி எழுதுபவரை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்காது.

இதன் விலையை மும்பை அறியும். 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி விக்டோரியா கப்பல்துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டைகின்' கப்பலில் பஞ்சு மூட்டைகளுடன் சுமார் 1,400 டன் வெடிபொருள்களும் இருந்தன. அதைக் குறிக்கும் சிவப்புக் கொடி ஏற்றப்படவில்லை. பிற்பகல் 2 மணியளவில் தீ தெரிந்தும், 4 மணிக்குப் பின் வெடிக்கும் வரை கப்பல் அங்கேயே நின்றது. உயிரிழந்த நூற்றுக்கணக்கானோரில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14 தேசிய தீயணைப்புச் சேவை நாளாக அனுசரிக்கப்படுகிறது.

தகவல் தெரிந்துவிட்டால் மட்டும் போதும் என்றும் கூறிவிட முடியாது. 2021-இல் கொழும்பு அருகே எரிந்து மூழ்கிய 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' கப்பலில் நைட்ரிக் அமிலம் கசிவது முன்பே கண்டறியப்பட்டிருந்தது. ஆனால், கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹஜிரா துறைமுகமும் அந்தக் கன்டெய்னரை இறக்க முன்வரவில்லை. ஆபத்திலுள்ள கப்பல்களுக்குப் புகலிடம் அளிப்பது குறித்துச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழிகாட்டுதல்கள் உள்ளன; அவை எந்த நாட்டையும் கட்டுப்படுத்துவதில்லை.