கதைக்குச் சாட்சி தேவையா?

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதையைப் படித்த நண்பர் சிலர், “இது நடந்ததா, நடக்காததா? நடக்காதது எனில் உண்மைத் தெருவின் பெயரை எழுதி நம்மை மயக்குவானேன்?” என்று கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், கேட்க வேண்டிய இடம் வேறு.

1943-இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்தது அக்கதை. சென்னைப் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனை மெய்; காப்பிக் கடை மெய்; ரிக்‌ஷா மெய். திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வரும் கடவுள் ஒருவர்தாம் கற்பனை. அவரிடம் பிள்ளையவர்கள் வரம் கேட்டாரா? இல்லை, தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வாங்கிக்கொண்டார்! ஆடிப் பிழைக்கலாம் என்று எண்ணிய இறைவனின் கூத்தோ விலை போகவில்லை. வந்தவர் கற்பனை, வந்தவரை நாம் நடத்திய விதம் கற்பனையா?

இக்கலப்பு நம் மண்ணுக்குப் புதிதன்று. இன்றைய திருப்பதி மாவட்டத்தில், புத்தூருக்கு அருகே, நாராயணவனம் என்றோர் ஊர் உண்டு. ஆகாசராசன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணந்த ஊர் இது என்பர். கலியாணச் செலவுக்குக் குபேரனிடம் பெருமாள் கடன்பட்டாராம். வட்டி இன்னும் தீரவில்லையாம்! அந்தக் கடன் பத்திரத்தை எவர் தேடினார்? ஆயினும் திருமலை உண்டியலில் விழும் காசு மெய். மகள் கலியாணத்திற்குக் கடன்பட்ட தந்தை எவரும் அக்கதையைப் பொய்யென்று தள்ளமாட்டார். தம் வீட்டுக் கணக்கையே அதில் காண்பார்.

இப்படிப் படிக்கத் தவறினால் விளைவது என்ன? பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலில் திருச்செங்கோடு என்ற ஊர் மெய். ஊர் மெய் என்றதும் கதை முழுவதையும் தம் ஊரின்மீது சாட்டிய குற்றமாகக் கொண்டு சிலர் கொதித்தெழுந்தனர். 2015 சனவரியில், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நூலைத் தடை செய்ய மறுத்த பின்னரே நிலைமை மாறியது. ஒரு கதைக்காக நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது நமக்குப் பெருமையா?

இன்று கைபேசிதோறும் கதைகள் செய்தி வேடம் பூண்டு வருகின்றன. அவற்றைக் கேள்வியின்றி நம்பும் நாம், கதையென்று சொல்லிக்கொண்டே வரும் கதையைக் கூண்டில் ஏற்றுகிறோம். இது தலைகீழ் நியாயம் அன்றோ?

நண்பர்களே! செய்தி என்று வருவதற்குச் சாட்சி கேளுங்கள். கதை என்று வந்தால் உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள்.