குரங்கின் வாலும் பட்டத்தின் வாலும்

தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடைபெறும் பட்டப்போட்டி, வடபுலத்தில் மட்டுமன்றித் தமிழர் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளிலும் நன்கு அறியப்பட்ட ஒன்றாகிவிட்டது. அங்கே பட்டமேற்றும் சிறுவர்களுக்கு எந்தப் பாடநூலும் கற்பிக்காத ஓர் உண்மை தெரியும். ஏறிய பட்டம் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, அந்த ஆட்டம் சிறிது சிறிதாகப் பெருகி, ஈற்றில் தலைகீழாகக் குத்தி விழுமானால் அவர்கள் காற்றைத் திட்டுவதில்லை. பட்டத்தை எடுத்து முச்சையைச் சரிபார்க்கின்றனர். வாலை நீட்டிக் கட்டுகின்றனர். காற்று அடிக்கத்தான் செய்யும். அடித்த பின்னர் ஆட்டம் அடங்குகின்றதா, பெருகுகின்றதா என்பதிலேயே பட்டத்தின் தரம் தங்கியுள்ளது.

சிறுவர்கள் அறிந்துள்ள இவ்வுண்மையை நாட்டின் மின்விநியோகத்துக்குப் பொறுப்பானவர்கள் போதிய அளவு மனத்திற்கொண்டுள்ளனரா என்ற ஐயம் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதிக்குப் பின்னர் எமக்கு நீங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் இழந்தது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியுடன் தொடுகையுற்றமையே காரணம் என விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சர் அறிவித்தார். மின்சாரம் திரும்பி வரப் பல மணிநேரம் சென்றது. மொத்தம் 900 மெகாவோட் வலுக்கொண்ட நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனமையால் அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டை மக்கள் சுமக்க நேர்ந்தது. உலக ஊடகங்களுக்கு அது சிரிப்புக்குரிய செய்தியாயிற்று. மீனவரின் ஐஸ் ஆலைகளுக்கும், அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளுக்கும், வைத்தியசாலைகளின் அவசர மின்பிறப்பாக்கிகளுக்கும் அது சிரிப்பாக இருக்கவில்லை.

குரங்கு புதிதாக இருக்கலாம், இருள் புதிதன்று. 2016 மார்ச் 13, 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசெம்பர் 3, 2023 டிசெம்பர் 9 ஆகிய நாட்களிலும் நாடளாவிய ரீதியில் மின்சாரம் தடைப்பட்டது. ஒருமுறை உபமின்நிலையக் கோளாறு, இன்னொருமுறை மின்கடத்து மார்க்கத்தில் பழுது, வேறொருமுறை பராமரிப்பாளரின் தவறு என ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கூறப்பட்டது. காரணங்கள் மாறிக்கொண்டேயிருக்க விளைவு மட்டும் மாறாதிருக்குமாயின், பிழையைத் தூண்டுதலில் மட்டும் தேடுவது பயன்தராது. ஓரிடத்து அதிர்ச்சியை அந்த இடத்துடனேயே அடக்கிவிட முடியாத தொகுதியின் தன்மையையே ஆராய வேண்டும்.

பொறியியலில் இதற்கென வகுக்கப்பட்ட முறையொன்று உண்டு. ஆங்கிலத்தில் 'மோடல் அனலைசிஸ்' என வழங்கும் அதனை அதிர்வுப் பாங்குப் பகுப்பாய்வு எனலாம். பாலமாயினும், விமான இறகாயினும், காற்றாலைக் கோபுரமாயினும், மின்வலையாயினும் ஒவ்வொரு தொகுதிக்கும் தனக்கே இயல்பான சில ஆட்டப் பாங்குகள் உண்டு. ஒவ்வொரு பாங்கைப் பற்றியும் மூன்று கேள்விகளுக்கு இம்முறை விடை தருகின்றது. ஆட்டம் எவ்வளவு விரைவானது? எந்த உறுப்புக்கள் ஒரு பக்கமாகவும் எவை மறுபக்கமாகவும் ஆடுகின்றன? ஆட்டம் தானாக அடங்குமா, அடங்குவதாயின் எவ்வளவு விரைவில்? மூன்றாவது கேள்வியே உயிர்நாடி. அதற்கான விடை தணிப்பு என்னும் எண்ணாகும். மின்வலைகளில் 5 வீதத் தணிப்பாவது இருத்தல் நன்று என்பது பொறியியலாளர் பலர் கைக்கொள்ளும் அளவுகோல். அவ்வளவு இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் வீச்சு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போகும். தணிப்புப் பூச்சியத்துக்குக் கீழே சென்றால் சிறு அசைவும் பெருகிப் பெருகி வீழ்ச்சியில் முடியும்.

இதற்கும் வல்வெட்டித்துறைப் பட்டத்திலேயே சான்று உண்டு. பட்டத்தின் மேல் வில்லாக வளைத்துக் கட்டும் விண், இரவெல்லாம் கூவுகின்றது. காற்று விட்டுவிட்டு அடிப்பதனால் அது கூவுவதில்லை. ஒரே சீராக வீசும் காற்றிலிருந்தே விண்ணின் நார் தன் அதிர்வுக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்கின்றது. நாரை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அங்கே அதிர்வு விரும்பி வரவழைக்கப்படுகின்றது. அதே வகையான செயற்பாடு விரும்பாத இடத்தில் நிகழ்ந்தபோது, 1940 நவம்பர் 7 ஆம் திகதி அமெரிக்காவின் டகோமா தொங்குபாலம் கடும் புயல் எதுவுமின்றியே முறுகி முறுகி உடைந்து வீழ்ந்தது. பாலத்தின் பாரத்தைக் கணித்தவர்கள் அதன் ஆட்டத்தைக் கணிக்கத் தவறியிருந்தனர்.

மின்வலை ஆடுமா என வாசகர்கள் வினவக்கூடும். நீர்மின், அனல்மின் நிலையங்களில் சுழலும் பாரிய இயந்திரங்கள் யாவும் மின்கடத்து மார்க்கங்களினால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு, 50 ஹேர்ட்ஸ் மீடிறனில் ஒரே தாளத்துக்குச் சுழல்கின்றன. பாரமான சில்லுகளை இழுபட்டிகளால் இணைத்து ஒன்றாகச் சுழற்றுவதுபோன்றது அது. ஓரிடத்தில் அதிர்ச்சி ஏற்பட்டால் ஒரு பகுதி இயந்திரங்கள் சற்று முந்தும், மறுபகுதி பிந்தும், பின் மாறும். இவ்வூசலாட்டம் ஒரு செக்கனுக்கு ஓரிரு முறையோ, சில செக்கன்களுக்கு ஒரு முறையோ நிகழும். கண்ணுக்கும் விளக்குக்கும் அது தெரியாது, கருவிக்குத் தெரியும்.

தெரிந்துகொள்ளாதவர் பட்ட பாட்டை உலகம் கண்டுள்ளது. 1996 ஓகஸ்ட் 10 ஆம் திகதி வட அமெரிக்காவின் மேற்குப்புற மின்வலையில் ஏறத்தாழ நான்கு செக்கனுக்கு ஒருமுறை நிகழ்ந்த ஊசலாட்டம் அடங்காது பெருகியதில் வலை துண்டு துண்டாகப் பிரிந்து, 75 இலட்சம் பாவனையாளர்கள் மின்சாரம் இழந்தனர். கணினி மாதிரியோ அந்த ஊசலாட்டம் அடங்கிவிடும் என்றே காட்டியது. மாதிரியை அளவீட்டுடன் ஒப்பிடாது நம்புதல் தகாது என்பது அன்று கற்ற பாடம்.

2025 ஏப்ரல் 28 ஆம் திகதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருளில் மூழ்குமுன் 12.03 மணிக்கும் 12.19 மணிக்கும் இருவேறு பாங்கான ஊசலாட்டங்கள் பதிவாகின. இயக்குநர்கள் அவற்றைத் தணித்தனர். ஆயினும் தணிப்பதற்கு எடுத்த நடவடிக்கைகளே மின்னழுத்தத்தை உயர்த்தவும் துணைபோயின. 12.33 மணிக்கு மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்து வலை வீழ்ந்தது. ஒரு நோய்க்கு மருந்திடும்போது மற்றோர் உறுப்பையும் கவனித்தாக வேண்டும் என்பது இதன் படிப்பினை. எனினும் அங்கே எந்த நிமிடத்தில் எது ஆடியது என்பது அளக்கப்பட்டிருந்தது. ஐரோப்பிய நிபுணர் குழு அதனை அறிக்கையாக வெளியிட்டது. எவரும் வாசித்து வினா எழுப்பலாம். அதையே நாமும் கேட்கின்றோம்.

பெப்ரவரி வீழ்ச்சி குறித்து இலங்கை மின்சார சபை தெரிவித்த விளக்கத்தில் கவனிக்கத்தக்க சொல்லொன்று இருந்தது. சூரிய மின்வலுவின் பங்கு மிகுந்து, சுழலும் இயந்திரங்களின் பங்கு குறைந்திருந்த நேரமாகையால் தொகுதியின் சடத்துவம் தாழ்ந்திருந்தது என்பதே அது. விளக்கம் அறிவியலுக்கு முரணானதன்று. காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தின் பெருஞ்சில்லு மிதிப்பை நிறுத்திய பின்னரும் சில சுற்றுக்கள் சுழலுமல்லவா? அந்தத் தன்மையே அதிர்ச்சிக்கும் வீழ்ச்சிக்கும் இடையே சில செக்கன் அவகாசத்தைத் தருகின்றது. கூரைச் சூரியப் படலத்துக்கு அத்தகைய சில்லு கிடையாது. மீடிறன் எல்லை கடந்தவுடன் தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும் வகையில் அதன் கருவி அமைக்கப்பட்டிருந்தால், ஒரே கணத்தில் ஆயிரக்கணக்கான கூரைகள் விலகி வீழ்ச்சியை விரைவுபடுத்தும்.

ஆனால் இது திடீரென வானத்திலிருந்து வீழ்ந்த செய்தியன்று. சூரிய மின்வலு பெருகப் பெருகச் சடத்துவம் குறையும் என்பது மின்பொறியியல் உலகு நன்கறிந்த விடயம். கூரைகளில் படலம் பொருத்துமாறு மக்களை ஊக்குவித்த அரசு, அதற்கீடான மின்கலச் சேமிப்பையும் வலையைத் தாங்கவல்ல நேர்மாற்றிகளையும் உரிய வேளையில் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். மாறாக நடந்தது யாது? 2025 சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியத் தொகுதிகளை நிறுத்தி வைக்குமாறு அவற்றின் உரிமையாளர்களிடம் கோரப்பட்டது. வங்கிக் கடன்பட்டுப் படலம் பொருத்திய குடும்பங்களுக்கு, வெயில் மிகுந்த நாட்களில் அதனை அணைத்து வைக்கும்படி சொல்லப்பட்டது. பட்டத்துக்கு வால் கட்டாதவர்கள் காற்றை நிறுத்தச் சொன்ன கதையே இது.

இதில் தமிழ், முஸ்லிம் மக்களின் அக்கறை பொதுவான நுகர்வோரின் அக்கறையுடன் நின்றுவிடுவதில்லை. நாட்டின் நாளைய மின்சாரத்தின் பெரும்பங்கு எமது நிலங்களின் காற்றிலும் வெயிலிலும் தங்கியுள்ளது. மன்னார்த் தீவில் 30 விசையாழிகளுடன் 103.5 மெகாவோட் காற்றாலைத் தொகுதி 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அவ்வாண்டிலேயே மன்னார் மக்கள் இன, மத வேறுபாடின்றிப் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதிக்கு இறங்கினர். போரினால் இடம்பெயர்ந்து நெடுங்காலம் காத்திருந்து மக்கள் மீளக்குடியேறிய சம்பூரில் 120 மெகாவோட் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்ட உடன்படிக்கை 2024 மார்ச்சில் கைச்சாத்தானது.

நிலத்தையும் கரையையும் விட்டுக்கொடுக்குமாறு மக்கள் கேட்கப்படுகின்றனர். நிலத்தடி நீர், பறவைகள், மீன்பிடி பற்றிய அவர்களது கேள்விகளுக்கே முறையான பதில் கிடைப்பதரிது. அவற்றுடன் இன்னொரு கேள்வியும் சேர்கின்றது. இங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தை வலை தாங்குமா, அன்றித் தாங்கவியலாதென ஆலைகளை நிறுத்தி வைப்பார்களா? பின்னது நேருமாயின் மக்கள் நிலத்தையும் இழந்து, மின்சாரத்தின் பயனையும் இழந்தவராவர். தியாகம் கோரப்படும் இடத்தில் கணக்கும் காட்டப்படவேண்டும். அக்கணக்கின் முதற்பக்கம் உறுதிநிலை ஆய்வாகும்.

பாங்குப் பகுப்பாய்வு எல்லா நோயையும் காட்டும் கண்ணாடி என நாம் கூறவில்லை. சிறு அசைவுகளுக்குத் தொகுதி எவ்வாறு ஈடுகொடுக்கும் என்பதை அது தெளிவாகக் கூறும். பாணந்துறையில் நேர்ந்தது போன்ற பேரதிர்ச்சிக்கு, செக்கன் செக்கனாக நிகழ்வைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேறு ஆய்வும் தேவை. பாதுகாப்புச் சாதனங்களின் ஒழுங்கமைப்பும் தேவை. ஆயினும் அமைதியான நாளிலேயே ஆட்டம் மெதுவாக அடங்கும் தொகுதி, அதிர்ச்சி நாளில் நின்றுபிடிக்கும் என எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது. குறிப்பாக, வெயில் மிகுந்து மின்தேவை குறைந்த ஞாயிற்றுக்கிழமை நண்பகலுக்கென இவ்வாய்வு தனியே செய்யப்பட வேண்டும்.

2024 ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமும் 2025 ஆம் ஆண்டின் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களிடம் பகிர்ந்தளிக்க வழிசெய்துள்ளன. மின்வலை இயக்கத்தைப் பொறுப்பேற்கும் நிறுவனம், ஆண்டுதோறும் வலையின் உறுதிநிலை ஆய்வைப் பகிரங்கப்படுத்த வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கப்படும் ஒவ்வொரு பெருந்திட்டத்துக்கும் சுற்றாடல் அறிக்கையைப் போன்றே உறுதிநிலை அறிக்கையும் மூன்று மொழிகளிலும் வெளிவர வேண்டும். அறிக்கையை வாசித்துக் கேள்வி கேட்கும் ஆற்றலை நாமும் வளர்த்தாக வேண்டும்.

அதற்கான நிறுவனங்கள் எம்மிடம் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலும், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடம் ஒலுவிலிலும் இயங்குகின்றன. செய்மதிக் கடிகாரத்துடன் இணைந்து, சாதாரண சுவர்ச் செருகியிலேயே பொருத்தி மின்வலையின் மீடிறனைப் பதிவுசெய்யும் கருவிகள் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களால் இரு தசாப்தங்களுக்கு முன்னரே உருவாக்கப்பட்டன. அத்தகைய கருவிகளை வல்வெட்டித்துறை, மன்னார், மூதூர், கல்முனை ஆகிய இடங்களிலுள்ள பாடசாலை ஆய்வுகூடங்களில் பொருத்தி, இரு பீடங்களின் மாணவர்களும் கூட்டாகத் தரவைத் திரட்டினால், அடுத்த வீழ்ச்சியின்போது நாட்டுக்கு எடுத்துக்காட்டத்தக்க சான்று எமது கையில் இருக்கும். அதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை; வேண்டியது ஒற்றுமையும் விடாமுயற்சியுமே.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அலை சாய்க்கச் சாய்க்க நிமிரும் கப்பலைக் கட்டத் தெரிந்த கைகள் இவ்வூரிலே இருந்தன. அந்தக் கைத்திறன் எழுத்தில் ஏறவில்லை, கணிதமாக வளரவுமில்லை. இன்று பட்டம் கட்டும் இளைஞரின் அறிவும் அவ்வாறே கரையோடு நின்றுவிடலாகாது.

ஒவ்வொரு மின்தடைக்கும் ஒரு குரங்கைத் தேடுவது எளிது. ஆட்டத்தை அளந்து, அதை மக்கள் முன் வைத்து, தணிப்பதற்கு வேண்டியதைச் செய்வதே பொறுப்புள்ள ஆட்சிக்கு அழகாகும். அடுத்த காற்று அடிக்குமுன் இப்பணியைச் சம்பந்தப்பட்டோர் தொடங்க வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.