மூழ்கிய கப்பல் கற்பிக்கும் பாடம்

சுவீடன் தேசத்தின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமின் பெயரைக் கேட்டதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவது நோபல் பரிசேயாகும். 1930 ஆம் ஆண்டிலே சர் சி. வி. இராமன் பௌதிகப் பரிசைப் பெற்றதும் அந்நகரிலேதான். ஆண்டுதோறும் டிசெம்பர் 10 ஆம் நாள் பேரறிஞர்களை வரவழைத்து, மன்னர் கையாற் பரிசு வழங்கும் ஊர் அது. வெற்றி பெற்றோரைப் போற்றும் அந்நகருக்குச் செல்வோர் பெருந்திரளாகக் கூடிக் காண்பது யாது? அந்நாட்டின் பெருந்தோல்வி ஒன்றையே என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும்.

அத்தோல்வியின் பெயர் வாசா. இரண்டாம் குஸ்தாவ் அடொல்ப் மன்னன் போலந்தோடு போர் புரிந்த காலத்திற் கட்டுவித்த போர்க்கப்பல் அது. நீளம் 69 மீற்றர். இரு தட்டுகளிலே பெரும் பீரங்கிகளைத் தாங்கியது. பீரங்கிகளின் மொத்தத் தொகை 64. எங்கு நோக்கினும் சிங்கங்களும் வீரர்களுமாக நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள். 1628 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 ஆம் நாள் மக்கள் கரையில் நின்று பார்த்திருக்க, அக்கப்பல் முதன்முறையாகப் பாய்விரித்துப் புறப்பட்டது. காற்று ஒருமுறை வீசியது, சாய்ந்து நிமிர்ந்தது. மறுமுறை வீசியது, நிமிரவில்லை. திறந்திருந்த கீழ்த்தட்டுப் பீரங்கி வாயில்கள் வழியே நீர் புகுந்தது. 1,300 மீற்றர் தூரமே ஓடிய கப்பல் கண்டோர் கண்முன்னே மூழ்கியது. ஏறக்குறைய முப்பது உயிர்கள் மாண்டன.

மேற்பாகத்திற் பாரம் மிகுந்தமையே காரணம். ஆனால், அதனினும் கொடியது வேறொன்று. புறப்படுமுன்னரே முப்பது ஆட்களை மேற்றளத்திலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுக் கப்பலைச் சோதித்திருந்தனர். மூன்று முறை ஓடியதும் கவிழ்ந்துவிடுமோ என்னும்படி கப்பல் ஆடியது. சோதனை நிறுத்தப்பட்டது, பயணம் நிறுத்தப்படவில்லை. மன்னனோ போர்க்களத்திலிருந்து விரைவுபடுத்திக்கொண்டிருந்தான். அவனுக்கு உண்மையை எடுத்துரைக்க ஒருவரும் துணியவில்லை. பின்னர் விசாரணை நடந்தது. தலைமைத் தச்சர் முந்திய ஆண்டே இறந்துவிட்டார். அளவுகளை அங்கீகரித்தவனோ மன்னன். எனவே, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

போல்ற்றிக் கடலில் உப்புக் குறைவு. ஆதலால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு அங்கு வாழ்வதில்லை. அதனாலேயே 32 மீற்றர் ஆழத்தில் வாசா அழியாது கிடந்தது. 1956 இல் அன்டேர்ஸ் பிரான்சென் என்பவர் அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தார். சுழியோடிகள் காரிருளிலே கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டி, அவற்றினூடே உருக்குவடங்களைச் செலுத்தினர். 333 ஆண்டுகளின் பின், 1961 ஏப்பிரல் 24 ஆம் நாள் கப்பல் நீர்மட்டத்துக்கு மேல் தலைகாட்டியது. உலர்ந்தால் மரம் வெடிக்கும் என்பதால் 17 ஆண்டுகள் இடைவிடாது மருந்துநீர் தெளித்துக் காத்தனர். 1990 இல் அதற்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. மங்கிய ஒளியில் நிற்கும் அக்கப்பலையும், மாலுமிகளின் சப்பாத்துகளையும், அவர்கள் உண்ட மரக்கரண்டிகளையும் இன்று நாம் காணலாம்.

அந்நகரின் நகரமண்டபமும் இதனோடு சேர்த்துக் காணத்தக்கது. நோபல் விருந்து நடைபெறும் அதன் பெருங்கூடத்துக்கு நீல மண்டபம் என்று பெயர். ஆனால் சுவர்களோ செங்கல் நிறம். நீலம் தீட்டுவதே சிற்பி ராக்னார் ஒஸ்ற்பேரியின் முதற்றிட்டம். செங்கல்லின் அழகைக் கண்ணாற் கண்டதும், தம் திட்டத்தைத் தாமே கைவிட்டார். 1923 இல் திறந்த அம்மண்டபத்துக்குப் பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கண்டதும் திருத்திக்கொண்டார் ஒருவர். கண்டும் வாளாவிருந்தனர் வேறு சிலர். இரண்டையும் அந்நகர் மறைக்காமற் காட்டுகின்றது.

புள்ளி குறைந்த விடைத்தாளை நான்காய் மடித்துப் புத்தகத்துள் ஒளிக்கும் மாணவரை இருபது ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன். அவர்களுக்கு நான் கூறுவது: அத்தாளை விரித்து வையுங்கள், எப்பக்கம் சாய்ந்தோம் என்பது அதிலேதான் எழுதியிருக்கின்றது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை உண்டு. கப்பல் ஆடுகின்றது என்று பிள்ளை வந்து சொன்னால், முதலிற் சினவாது கேளுங்கள். உண்மை சொல்ல அஞ்சும் வீட்டிலே, கப்பல் ஆடுவதை எல்லோரும் அறிந்திருப்பர்; அறியவேண்டியவர் மட்டும் அறியமாட்டார்.