லேப்டாப் வாங்கும்முன் கேட்க வேண்டியவை

பில் போடுவதற்கும் ஜி.எஸ்.டி. கணக்குக்கும் இன்று நெல்லியாளம், பந்தலூர், தேவாலா பகுதிக் கடைகளிலும் லேப்டாப் தேவைப்படுகிறது. "இது லினக்ஸ் போட்டது, கட்டற்ற மென்பொருளுக்கு ஏற்றது, விலையும் குறைவு" என்று விற்பனையாளர்கள் சொல்வதை வணிகப் பெருமக்கள் கேட்டிருப்பீர்கள். இது எந்த அளவுக்கு உண்மை?

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவசம் என்று பொருளல்ல. அதை நம் விருப்பப்படி இயக்கலாம், உள்ளே நடப்பதைப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் கேட்பது இந்த உரிமைகளைத்தான்.

மளிகைக் கடைக்காரருக்கு இதனால் என்ன? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நன்றாக ஓடும் பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. நாம் காசு கொடுத்து வாங்கிய தராசை, செய்தவரே வந்து "இனி இதை நம்ப வேண்டாம்" என்றால் சும்மா இருப்போமா? லினக்ஸை ஏற்றினால் அதே இயந்திரத்தை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். நம் பில் மென்பொருள் அதில் ஓடுமா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால், லினக்ஸ் இருப்பதாலேயே இயந்திரம் முழுதும் நம் கைக்கு வந்துவிடாது. தமிழக அரசு 2011-ல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்களில் விண்டோஸோடு, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நல்ல முயற்சிதான். எனினும் லினக்ஸ் மேலடுக்கு மட்டுமே. சுவிட்சைப் போட்டதும் முதலில் இயங்கும் பயாஸ், பெரும்பாலான லேப்டாப்களில் தயாரிப்பாளரின் பூட்டிய பெட்டி. இன்டெல் சிப்களில் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்று தனியே ஒரு சிறு கணினியும் உண்டு. வைஃபை அட்டைகள் பலவும் மூடிய நிரலில்தான் ஓடுகின்றன.

அமெரிக்காவின் பியூரிசம் நிறுவனம், பயனாளரின் சுதந்திரத்தை மதிப்பதாகச் சொல்லியே லிப்ரம் லேப்டாப்களை விற்றது. 2017-ல் அந்த எஞ்சினை முடக்கியும் காட்டியது. பாராட்டுவோம். ஆயினும் இன்டெல்லின் மூடிய நிரல் ஒரு பகுதி அதிலும் தங்கிவிட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2013 முதல் முத்திரை கொடுத்த லேப்டாப்களோ பெரும்பாலும் பயாஸ் மாற்றப்பட்ட பழைய திங்க்பேட்கள். முழுச் சுதந்திரம் வேண்டுமானால் பழைய இயந்திரம். புதியது வேண்டுமானால் பாதிச் சுதந்திரம் என்பதே நிலை.

பாதிச் சுதந்திரம் உள்ளதை வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பாதியை முழுசு என்று விற்பதைத்தான் எதிர்க்கிறோம். பொட்டலத்தில் எடை, தேதி, விலை அச்சிடாவிட்டால் நமக்கு அபராதம். கலப்புத் தேயிலையைத் 'தூய நீலகிரித் தேயிலை' என்று விற்றால் நம்மைச் சும்மா விடுவார்களா? லேப்டாப் விற்பவருக்கு மட்டும் வேறு நியாயமா?

எனவே வாங்கும்முன் மூன்று கேள்வி கேளுங்கள். பயாஸ் திறந்ததா, மூடியதா? வைஃபை, மூடிய கோப்பு இல்லாமல் இயங்குமா? நம் கணக்கை வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தனியாகக் கேட்டால் சிரிப்பார்கள். சங்கமாகச் சேர்ந்து பத்து இயந்திரம் வாங்கும்போது கேட்டால் பதில் சொல்வார்கள். சரக்கைப் பார்த்து வாங்குவது நமக்குப் புதிதல்லவே!